முத்திரைக்கு முந்தின சொல்

காலையில் காபியை முதல் வாய் விழுங்கியதும் பத்ரிநாத் "பாஸ்" என்பார். கல்யாணமான மறுவாரம் தொடங்கிய வழக்கம். பட்டு அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டதில்லை, ஏச்சாகவும் எடுத்துக்கொண்டதில்லை. டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் போல அதுவும் ஒரு சத்தம். டிகாக்‌ஷன் சரியாக இறங்காத நாளில் "ரிஜெக்ட்" என்று இன்னொரு சத்தம் வரும். இந்த இரண்டுக்கும் மேலே மூன்றாவதாக ஒரு சொல் இருக்கக்கூடும் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

வேலை அப்படிப் பழக்கிவிட்டது. புனேயை ஒட்டிய கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனை அறையில், தலை நரைக்கும்வரை ஒரே மேஜையில் உட்கார்ந்தவர். கடைசல் இயந்திரத்திலிருந்து பித்தளைத் துண்டுகள் தட்டுத் தட்டாக வரும். ஒவ்வொன்றின் துளையிலும் கேஜை விட்டுப் பார்க்க வேண்டும். கேஜ் என்பது விரல் நீளத்தில் ஓர் எஃகுக் குச்சி. அதன் ஒரு முனை துளைக்குள் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். மறுமுனை என்ன செய்தாலும் போகக் கூடாது. நுழைய விடுவது பாதி, நுழைய மறுப்பது மீதி. இரண்டும் சரியாக இருந்தால் பத்ரிநாத் "பாஸ்" என்பார். எதிரில் உட்கார்ந்திருக்கும் சேவியர், அந்தச் சொல் காதில் விழுந்ததும், துண்டின் விளிம்பில் முத்திரை உளியை வைத்துச் சுத்தியால் ஒரு தட்டுத் தட்டுவார். பாஸ், டக். பாஸ், டக். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதே இல்லை.

அந்த அறையில் பாஸ் என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருளில்லை. குற்றம் தென்படவில்லை என்று மட்டும்தான் பொருள். நன்றாக இருக்கிறதா என்பதைச் சொல்ல அங்கே யாருக்கும் அதிகாரமும் இல்லை, கருவியும் இல்லை. இன்னொரு விதியும் உண்டு. இயந்திரத்தைச் சரிப்படுத்தி ஓட்டிய ஆள், தன் துண்டுக்குத் தானே பாஸ் சொல்லக் கூடாது. காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு, அதனால் காக்கையின் கையில் கேஜைக் கொடுக்காதே என்று புதிதாக வருகிறவர்களிடம் பத்ரிநாத் சொல்வதுண்டு.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்கு ஒரு வேடிக்கை புலப்பட்டது. தம் அறைக்குச் சொந்தம் என்று நினைத்திருந்த சொல், ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் அதைத்தான் முதலில் கேட்டார். முதியோர் பாஸை எடுத்துக் காட்டும்போது, தம்மை யார் எந்தக் கேஜில் விட்டுப் பார்த்து இதைக் கொடுத்தார்கள் என்று யோசித்தார். அறுபது தாண்டியதைத் தவிர அவர் எதிலும் தேறியிருக்கவில்லை. அவர்கள் குடியிருக்கும் அடுக்குமாடி சோசைட்டிக் கூட்டத்தில் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிய தீர்மானம், பாதிப் பேர் தூங்கும்போதே பாஸ் ஆனது. மாலையில் பூங்காவில் சீட்டாடுகிறவர்களில் ஒருவர், கையில் நல்ல சீட்டு இல்லாதபோது "பாஸ்" என்று சொல்லிவிட்டுச் சும்மா உட்கார்ந்தார். இது பத்ரிநாத்தைப் பல நாள் தொந்தரவு செய்தது. மற்ற எல்லா இடத்திலும் ஒரு வாசல் இருக்கிறது, ஒருவர் காவல் நிற்கிறார், ஒன்று உள்ளே போகிறது. சீட்டாட்டத்தில் மட்டும், போகாமலிருப்பதற்கு அதே சொல். ஆலந்தி ரோட்டு ஸிக்னலில் வேர்க்கடலைப் பொட்டலம் விற்கிறவனோ "டைம்பாஸ், டைம்பாஸ்" என்று கூவினான். அங்கே வாசலும் இல்லை, காவலும் இல்லை. பொழுது தானாகப் போகிறது, யாரும் முத்திரை வைப்பதில்லை.

தமிழில் இதற்கு என்ன சொல்வது என்று யோசித்தபோது 'தேறுவது' என்று வந்தது. அதிலும் ஒரு விசித்திரம். பரீட்சையில் தேறுகிறார்கள். ஜுரம் விட்ட உடம்பும் தேறுகிறது. இழவு விழுந்த வீட்டில் மனசும் மெல்லத் தேறுகிறது. இங்கிலீஷ்காரனின் சொல் வாசலைத் தாண்டிப் போய்விடுகிறது. தமிழ்ச் சொல் இருந்த இடத்திலேயே தெளிகிறது. இதைப் பட்டுவிடம் சொன்னார்.

"இதை யோசிக்கற நேரத்துல அந்த முருங்கைக்காயை நறுக்கியிருக்கலாம்" என்றாள் பட்டு.

போன வருஷம் ஆடி மாதத்து மழை நாளொன்றில் இந்தச் சொல்லின் வேறொரு முகம் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்தது. பட்டுவின் தங்கை கோதை தாபோடியில் இருந்தாள். பிள்ளை குட்டி இல்லை. அவள் புருஷன் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. 'பாஸ்ட் அவே' என்று வாட்ஸ்அப்பில் சேதி வந்தது. பட்டு கீழே ஓடினாள். சோசைட்டியின் தூணுக்குப் பக்கத்தில் அவர்களுடைய சின்ன மாருதிக் கார் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுவதற்கு ஆள் இல்லை. பத்ரிநாத்தின் வலது கண்ணின் நடுவில் ஒரு மங்கல் விழுந்திருந்தது. இனி வண்டியைத் தொடாதீர்கள் என்று டாக்டர் சொல்லியாயிற்று. மழையில் எந்த ரிக்‌ஷாவும் வரவில்லை. செல்போனில் கூப்பிட்ட வண்டியும் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக் கடைசியில் வரவில்லை. பட்டு போய்ச் சேரும்வரை கோதை தன் புருஷனோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். அதைப் பற்றிக் கோதை பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. பட்டுவுக்கு அதுதான் தாங்கவில்லை.

ஆகவே இந்த வருஷம், பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் அனிருத், "அப்பா, ப்ராக்டிகலா யோசி. நிக்கற வண்டிக்கு எதுக்கு இன்ஷூரன்ஸ்? குடுத்துடலாம்" என்று போனில் சொன்னபோது, பட்டு போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நான் ஓட்டறேன்."

"நீயா? அம்மா, ஸீரியஸா?"

"ஏன், சமையல்கட்டுலேர்ந்து ரோடு அவ்வளவு தூரமா?"

அவர்கள் பேட்டையான விசிராந்த்வாடியிலேயே இருக்கும் ரமேஷ் என்பவரை வண்டி வாங்குவதற்கு அனிருத் பிடித்து வைத்திருந்தான். அவரும் போனில் பேசினார். "அங்கிள், வண்டி பன்னெண்டு பாஸிங்தானே? பதினாலு இல்லையே?" என்றார். நம்பர் பிளேட்டில் பன்னிரண்டு என்றால் புனே, பதினான்கு என்றால் பிம்ப்ரி. இந்த ஊரில் அதற்கும் பாஸிங் என்றுதான் பெயர். வண்டி பிறந்த அன்றே ஒரு முறை பாஸாகி, அந்த முத்திரையை நெற்றியில் ஒட்டிக்கொண்டு சாகும்வரை திரிகிறது என்று பத்ரிநாத் வியந்தார்.

கடைசியில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. கணபதி விசர்ஜனத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரமேஷ் வருவார். அதற்குள் அம்மா டெஸ்டில் பாஸானால் வண்டி அம்மாவுக்கு, இல்லாவிட்டால் ரமேஷுக்கு.

பட்டு முதலில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். ஒரு வாரத்தில் விட்டுவிட்டாள். சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில் இன்னொரு பிரேக்கும் கிளட்சும் இருந்தன. "வண்டியை அவன் ஓட்டறான், ஸ்டியரிங்கை மட்டும் நான் பிடிச்சிண்டிருக்கேன். நிக்கறச்சே நான் நிறுத்தினேனா அவன் நிறுத்தினானான்னே தெரியலை" என்றாள். அப்புறம் பத்ரிநாத்தே உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். ஓட்டக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார். பக்கத்தில் உட்காரக் கூடாது என்று சொல்லவில்லை.

தானோரிப் பக்கம் பாதி கட்டி நிற்கும் லேஅவுட் ஒன்றில் அகலமான காலி ரோடு இருந்தது. விடிந்ததும் அங்கே போவார்கள். பத்ரிநாத் வேலையைப் பிரித்துக்கொண்டார். கிளட்ச் மிதி, கியர் மாற்று, கண்ணாடியைப் பார், திருப்பு. ஒவ்வொன்றும் ஒரு துண்டு. பட்டு ஒரு துண்டை முடித்ததும் "பாஸ்" என்பார். அடுத்த துண்டுக்குப் போவாள். கியர் முனகினால் "ரிஜெக்ட், திரும்பப் போடு" என்பார். முதல் சில நாள் ரிஜெக்ட் நிறைய விழுந்தது. போகப் போகக் குறைந்தது. கணபதி மண்டபங்களுக்கு மூங்கில் நடத் தொடங்கிய சமயத்தில், ரோட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பாஸ், பாஸ் என்று மட்டுமே கேட்டது. பட்டு இரண்டு கல்லை நட்டு வைத்து, அவற்றுக்கு நடுவில் ரிவர்ஸில் வண்டியை நுழைத்தாள். கல் அசையவில்லை.

டெஸ்டுக்கு முந்தின நாள் ஸ்டியரிங்கின் மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏன்னா, நான் நன்னா ஓட்டறேனா?"

பத்ரிநாத் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் செட் பண்ணின துண்டை நானே எப்படிச் சொல்றது? நாளைக்கு அவா சொல்லுவா."

"அப்போ தினம் பாஸ் பாஸ்னு கத்தினேளே, அது என்ன?"

"அது வேற."

எப்படி வேறு என்று அவருக்கே தெரியவில்லை. பட்டு வண்டியைக் கிளப்பினாள். வீட்டுக்கு வரும்வரை உதட்டைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள்.

டெஸ்ட் டிராக்கில் வேலிக்கு வெளியேதான் உறவுக்காரர்கள் நிற்கலாம். கண்ணாடி அடைத்த சிறு அறையில் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பட்டு தனியாக வண்டியில் ஏறினாள். வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பத்ரிநாத் பார்த்தார். வலது கண்ணுக்கு வண்டியின் நடுப்பகுதி தெரியவில்லை. இடது கண்ணால் பார்த்தார். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். கிளப்பினாள். எட்டுப் போன்ற வளைவைச் சுற்றி வந்தாள். கோட்டைத் தொடவில்லை. மேட்டில் ஏறி நின்றாள். பின்னால் சரியவில்லை. ஆனால் ஒவ்வொரு திருப்பம் முடிந்ததும் வண்டி ஒரு கணம் தயங்கியதை அவர் கவனித்தார். பேசிக்கொண்டிருக்கிறவர் எச்சில் விழுங்குவது போல. பதற்றம் என்று நினைத்தார்.

கடைசியாக ரிவர்ஸ். கம்பங்களுக்கு நடுவே வண்டி பின்னால் போனது. எதிலும் படாமல், நேராக, நூல் பிடித்தாற்போல் நின்றது. அங்கிருந்து முன்னால் எடுத்து வெளியே வந்துவிட்டால் முடிந்தது.

வண்டி வரவில்லை.

இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பட்டு முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பின்னால் காத்திருந்த வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். கண்ணாடி அறையிலிருந்து அதிகாரி எட்டிப் பார்த்தார். பத்ரிநாத் கம்பியை இறுகப் பிடித்தார். "எடு, எடு" என்று முணுமுணுத்தார். பட்டு தலையைத் திருப்பினாள். காலியாக இருந்த இடது பக்கச் சீட்டைப் பார்த்தாள். பிறகு வேலிப் பக்கம் பார்த்தாள். எதையோ மறந்து வைத்துவிட்டவள் தேடுகிற பார்வை அது. அவர் உதடு தானாக "பாஸ்" என்றது. அத்தனை தூரத்திலிருந்து அது அவள் காதில் எப்படி விழும்?

நேரம் முடிந்துவிட்டது என்று கை காட்டினார்கள். அதிகாரி நல்ல மனுஷர். இறங்கி வந்து, "காகூ, கா தாம்ப்லாத்?" என்று மராத்தியில் கேட்டார். ஏன் நின்றீர்கள் அத்தை? ஓட்டினதெல்லாம் ஒழுங்காகத்தானே இருந்தது? ஒரு வாரம் கழித்து மறுபடி வரலாம் என்றார்.

"கிளட்ச்லேர்ந்து கால் எடுக்கவே வரலை" என்று வீட்டில் பத்ரிநாத்திடம் சொன்னாள். "பயமில்லை. எல்லாம் முடிஞ்சுதுன்னும் தெரியறது, இன்னும் முடியலைன்னும் தோணறது. என்னன்னு சொல்ல?" முகத்தைக் கழுவிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கோதையிடமிருந்து போன் வந்தது. "அடுத்த வாரம் பாத்துக்கலாம்டி" என்று பட்டு சிரித்துக்கொண்டு சொன்ன குரல் கூடத்தில் கேட்டது. போனை வைத்த பிறகு, கழுவின பாத்திரங்களையே அவள் மறுபடி கழுவுகிற சத்தம் கேட்டது.

பத்ரிநாத் அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தார். ரிஜெக்ட் ஆன துண்டு என்றால் காரணம் இருந்தே தீரும். உலோகத்தில் குற்றம், அல்லது கடைசல் உளியில், அல்லது ஓட்டினவன் கையில். காரணமில்லாமல் எதுவும் கோணுவதில்லை. பட்டுவின் ஓட்டத்தில் கோணல் எங்கேயும் இல்லை. எல்லாத் துண்டும் சரி. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில்தான் ஏதோ இருந்தது. அந்த நடுவை அவர் சோதித்துப் பார்த்ததே கிடையாது.

மறுநாள் பஸ் பிடித்துத் தாபோடிக்குப் போனார். சேவியர் வீடு ரயில்வே லைனுக்கு இந்தப் பக்கம். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம், மூன்று தலைமுறையாக இங்கே. ஊர்ப் பேச்சை மட்டும் விடவில்லை. பத்ரிநாத் நடந்ததைச் சொன்னார். சேவியர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, சாப்பாட்டு மேஜையின் மறுபக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரு கரண்டியை எடுத்துத் தூக்கிப் பிடித்தார்.

"சொல்லும்வே."

"என்னடா சொல்ல?"

"மேசையில உக்காந்து சொல்லுவீருல்லா, அந்தச் சொல்ல. சொல்லும்."

"பாஸ்."

கரண்டி மேஜையில் டக் என்று இறங்கியது. உள்ளேயிருந்து சேவியரின் மனைவி சின்னம்மா, "என்ன ஒடச்சீய?" என்று குரல் கொடுத்தாள்.

சேவியர் மறுபடி கரண்டியைத் தூக்கினார். பத்ரிநாத் சும்மா இருந்தார். கரண்டி அந்தரத்திலேயே நின்றது. இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எறங்காதுவே" என்றார் சேவியர். "ரிட்டயராகி வந்த புதுசுல, தோசக் கல்லு முன்னால நின்னு, திருப்பாமக் கருக்கிப்புட்டேன். இவ கேட்டா, என்னத்தப் பாத்துட்டு நிக்கீயன்னு. நான் உம்ம சத்தத்துக்குல்லா நிக்கேன்! மாமியையும் இப்படி ஆக்கி வச்சிருக்கீரு. நீரு பாஸ்னு சொன்னாத்தான் அடுத்த வேலன்னு அவிய காலுக்குப் பழக்கிட்டீரு. அங்க எவன் சொல்லுவான்?"

பத்ரிநாத் கரண்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. செட் பண்ணினவனே கேஜையும் கையில் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? பொன் குஞ்சு என்று சொல்லிவிடுவான், கோணலை மறைத்துவிடுவான் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அவர் எதையும் மறைக்கவில்லை. ஒரு பொய் பாஸ்கூடச் சொன்னதில்லை. அத்தனையும் நேர்மையான பாஸ். ஆனாலும் கெட்டுவிட்டது. டிரைவிங் ஸ்கூல்காரர் காலடியில் இருந்த இரண்டாவது பிரேக்கைப் போல, அவர் வாயிலும் ஒன்று இருந்திருக்கிறது. விதியைப் போட்டவர்களுக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததா, அல்லது விதிக்குள் போட்டவர்களுக்கே தெரியாத அறிவு இருந்ததா என்று யோசித்தார்.

"இப்போ என்ன பண்றது?"

"நீரு எறங்கும். நான் உக்காருதேன். எங்கிட்ட லைசென்ஸ் இருக்கு, வேற ஒரு வேலயும் இல்ல."

"நீ என்ன சொல்லிக்குடுப்பே?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். கடல தின்னுட்டு வருவேன். டைம்பாஸ்."

பட்டுவிடம் இதை எப்படிச் சொல்வது என்பது அவருக்குப் பெரிய பாரமாக இருந்தது. நீ தேறாததற்கு நான்தான் காரணம் என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். பட்டு தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ நான் ரிஜெக்ட் இல்லை."

"இல்லை."

"அதைச் சொல்றதுக்குத் தாபோடி வரைக்கும் பஸ்ஸுல போய் வரணுமா?" என்றாள். ஆனால் அன்று சாயங்காலம் அவள் பாடிக்கொண்டே கீரை ஆய்ந்தாள்.

அந்த வாரம் முழுவதும் விடியற்காலையில் சேவியர் ஸ்கூட்டரில் வந்து, அதை மாடிப்படிக்கு அடியில் நிறுத்திவிட்டு, பட்டுவின் பக்கத்தில் ஏறிக்கொண்டார். பத்ரிநாத் பால்கனியில் நின்று பார்ப்பார். வண்டி சோசைட்டி கேட்டில் நின்று, முதல் நாள் வெகுநேரம் நகரவே இல்லை. சேவியரின் கை ஜன்னலுக்கு வெளியே வந்து கடலைத் தோலை உதறியது. பிறகு வண்டி ஒரு குலுங்கலோடு போயிற்று. நாலாம் நாள் கேட்டில் குலுங்கவில்லை. என்ன பேசிக்கொள்கிறீர்கள் என்று பட்டுவைக் கேட்டார். "அவர் மதனி ஒருத்தி பாளையங்கோட்டையில கோழி வளக்கறாளாம். அந்தக் கோழி கதையே இன்னும் முடியலை" என்றாள். வண்டி எப்படிப் போகிறது என்று கேட்க வாயெடுத்து அடக்கிக்கொண்டார்.

இரண்டாம் டெஸ்ட் சனிக்கிழமை. மறுநாள் ரமேஷ் வருகிற ஞாயிறு. காலையில் கிளம்பும்போது, "நீங்க வர வேண்டாம்" என்றாள் பட்டு. கோபமில்லை. "வேலிகிட்ட நின்னேள்னா திரும்பிப் பார்ப்பேன்."

வீட்டில் அவரால் உட்கார முடியவில்லை. இறங்கி நடந்து ஆலந்தி ரோட்டுக்கு வந்தார். விசர்ஜனம் முடிந்து மண்டபங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நடைபாதையெல்லாம் மூங்கில். பஸ் ஸ்டாப்பில் நின்று, வருகிற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் எதிரில் ஒருவர் தம் சொல்லுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார். காத்திருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது தெரிந்தது. காத்திருக்கிறவனுக்குக் கை கால் எதுவும் தன்னுடையதாக இல்லை.

வெள்ளை மாருதி வந்தது. முன்னால் ஒரு பஸ், பக்கத்தில் ரிக்‌ஷாக்கள், நடுவில் அது. பட்டு ஓட்டிக்கொண்டு வந்தாள். இடது கண்ணால் அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ரோட்டைப் பார்க்கிற முகம் மட்டும்தான். பக்கத்துச் சீட்டிலிருந்து சேவியர் அவரைப் பார்த்துக் கையை ஆட்டினார். எல்லோருக்கும் ஆட்டுகிற அதே ஆட்டல். பத்ரிநாத் ஒரு எட்டு முன்னால் வைத்தார். வண்டி நிற்கவில்லை. பின்னால் லாரி வந்துகொண்டிருந்தது, நிறுத்தவும் இடமில்லை. அவரைத் தாண்டி, இண்டிகேட்டர் போட்டு, வளைவில் திரும்பிப் போய்விட்டது.

அவர் வேகமாக நடந்தார். மூச்சு வாங்கியது. சோசைட்டிக்குள் வந்ததும் வண்டி தூணுக்குப் பக்கத்தில் நிற்பதைக் கண்டார். ரிவர்ஸில் நிறுத்தியிருந்தாள். தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் பழக்கத்தில் கையை விட்டுப் பார்த்தார். முன் சக்கரத்திலும் பின் சக்கரத்திலும் இடைவெளி ஒன்றாகவே இருந்தது. ஆனால் இது எதற்கும் சாட்சியில்லை. போன தடவையும் ரிவர்ஸ் இப்படித்தான் இருந்தது. பிறகுதானே நின்றுபோனாள்.

மாடியில் சேவியர் கூடத்து நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்து கோழிக் கதையின் கடைசிப் பகுதியைச் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டு சமையலறையில் அதற்கு உம் கொட்டிக்கொண்டிருந்தாள். யாரும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்காமல் சுவரோரம் உட்கார்ந்தார். பட்டு காபியைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டுப் போனை எடுத்தாள்.

"அனிருத்தா? சாப்பிட்டியா? ... சரி, அந்த ரமேஷுக்குச் சொல்லிடு, நாளைக்கு வர வேண்டாம். ... ஆமாம்டா. ... பின்னே? ... அந்த ஆபீசர் ஒண்ணுமே சொல்லலைடா. என் பேப்பர்ல என்னமோ கிறுக்கிட்டு அடுத்த வண்டியைக் கூப்பிட்டுட்டார். நானும் எடுத்துண்டு வந்துட்டேன்."

பத்ரிநாத் காபியை விழுங்கினார். வழக்கமான சொல் தொண்டைவரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றது. அவள் போனை வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"காபி நன்னாருக்கு" என்றார்.

சேவியர் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார். "வேய், ஐயருக்கு மேலுக்கு சொகமில்லியா?"

பட்டு டம்ளரை வாங்கி மோந்து பார்த்தாள். ஒரு வாய் குடித்தாள். "சர்க்கரையே போடலை! எதை வச்சு நன்னாருக்குன்னேள்?"

பத்ரிநாத் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். "தெரியலை" என்றார்.

பட்டு கார் சாவியை எடுத்தாள். சேவியரைத் தாபோடியில் விட்டுவிட்டு அப்படியே கோதை வீட்டுக்குப் போக வேண்டும், அவரும் வருகிறாரா என்றாள். ஸ்கூட்டரை நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம். முன் சீட் சேவியருடையது என்றும், பின்னால் உட்காருகிறவர் வாயைத் திறக்கக் கூடாது என்றும் சொன்னாள்.

பின் சீட்டில் பத்ரிநாத் இதற்கு முன் உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து அவளுடைய காதோரத்து நரையும் ஸ்டியரிங்கின் மேல் வைத்த இடது கையும்தான் தெரிந்தன. சோசைட்டி கேட்டில் வண்டி நின்றது. பட்டு வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். பத்ரிநாத் பல்லைக் கடித்துக்கொண்டார். சேவியரின் வாய் நிறையக் கடலை. ஒரு ரிக்‌ஷா போயிற்று, ஒரு பால் வண்டி போயிற்று. பிறகு அந்தக் கை கியரைத் தள்ளியது, வண்டி ரோட்டில் ஏறியது.